குறைந்த செலவில் டிஎஸ்எல்ஆர் கேமராவும் லென்ஸும் வாங்குவது எப்படி: மொரீசியஸ் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூசக் காவடியன்று காத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோவில் படிகளில் நின்று பார்த்தால், காவடிகளோடு போட்டியிடும் அளவுக்குக் கேமராக்களும் ஏறி வருவதைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை கைப்பேசிகள். வெயில் நன்றாக இருக்கும் வரை அவை எடுக்கும் படங்களில் யாரும் குறை காண முடியாது. காவடி மரநிழலுக்குள் நுழையும்போதும், மண்டபத்துக்குள் தீபாராதனை காட்டும்போதும், கூட்டத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவரின் முகத்தை மட்டும் நெருக்கமாகப் பிடிக்க நினைக்கும்போதும்தான் தனியாக ஒரு கேமரா இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தோடு கடைக்குப் போகிறவர் விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்பிவிடாமல், கையிலிருக்கும் பணத்துக்குள் நல்ல கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

லென்ஸ் வழி வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் டிஎஸ்எல்ஆர், அந்தக் கண்ணாடியே இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களின் காலத்தில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேனான், நிக்கான் ஆகிய இரண்டு நிறுவனங்களும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. அதனால் தொழில்முறைக் கலைஞர்கள் பலர் தங்கள் பழைய கேமராக்களையும் லென்ஸுகளையும் விற்றுவிட்டுப் புதிய வகைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கழித்துக்கட்டும் பொருள் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பொருள் எடுக்கும் படத்தின் தரமோ அது புதிதாக வந்த நாளில் இருந்ததைவிடக் குறைந்துவிடவில்லை. வேகமாக ஓடுபவரின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்துக் குவியம் (ஃபோகஸ்) வைக்கும் வசதியும், தேர்ந்த வீடியோவும்தான் உங்கள் முதன்மைத் தேவைகள் என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்னும் சிறிது காலம் பணம் சேர்த்துப் புதிய வகையையே வாங்குங்கள்.

முதற்படி: எந்த ஒளியில் எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

“எல்லாவற்றையும் எடுப்பேன்” என்பது கடைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் பதில். அந்தப் பதிலுக்கு ஏற்ற பொருள் எப்போதும் விலை கூடியதாகவே இருக்கும். அதற்கு மாறாக, சென்ற ஓராண்டில் உங்கள் கைப்பேசியில் எடுத்த படங்களைத் திறந்து, எந்தெந்தப் படங்கள் உங்களை ஏமாற்றின என்று பாருங்கள். அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தில் ஒளி எப்படி இருந்தது, எடுக்க நினைத்தவர் எவ்வளவு தொலைவில் இருந்தார், அவர் அசைந்துகொண்டிருந்தாரா என்ற மூன்று செய்திகளையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

லெ மோர்ன் கடற்கரையும் ஷமரேலின் ஏழு வண்ண மண்ணும் உங்கள் பட்டியலில் இருந்தால் கவலையே இல்லை. பட்டப்பகலில் அசையாமல் இருக்கும் நிலக்காட்சியை எந்தக் கேமராவும் எடுத்துவிடும். மாலை மங்கும் நேரத்துத் தீமிதி, குழல்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கல்யாணம், கோவில் மண்டபத்துப் பூசை ஆகியவை இருந்தால், ஒளியை நிறைய வாங்கும் லென்ஸ் வேண்டும். பிளாக் ரிவர் காட்டில் இளஞ்சிவப்புப் புறாவையோ மொரீசியஸ் வல்லூறையோ எடுக்க ஆசைப்பட்டால், நீண்ட தொலைவு லென்ஸ் வேண்டும். சொல்லப்போனால், குறைந்த செலவில் நிறைவேற்ற மிகக் கடினமான ஆசை அதுதான்.

இரண்டாம் படி: பணத்தைப் பிரியுங்கள்

ஒதுக்கிய தொகை எவ்வளவாக இருந்தாலும் அதைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஐந்து பங்கை லென்ஸுக்கும், நான்கு பங்கைக் கேமராவின் பாடிக்கும் (லென்ஸ் நீங்கலான உடலுக்கும்), மீதியுள்ள ஒரு பங்கை மெமரி கார்டு, உபரி பாட்டரி, ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றுக்கும் வையுங்கள். 30,000 ரூபாய் இருந்தால் 15,000 லென்ஸுக்கு, 12,000 பாடிக்கு, 3,000 சில்லறைச் செலவுக்கு. வழக்கமாக மக்கள் செய்வது இதற்கு நேர்மாறானது: பணம் முழுவதையும் புதிய பாடிக்குக் கொடுத்து, அதோடு வரும் 18-55 லென்ஸை இலவசம் என்று மகிழ்ந்து வாங்கிவருகிறார்கள். நான்கைந்து ஆண்டுகளில் பாடியின் விலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாக மதிப்பிழப்பதில்லை, அடுத்து வாங்கும் பாடியிலும் அது வேலை செய்யும்.

மூன்றாம் படி: லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

லென்ஸின் முகப்பில் இரண்டு வகை எண்கள் இருக்கும். 18-55, 50, 70-300 போன்றவை மில்லிமீட்டரில் குவியத் தொலைவைச் சொல்பவை. எண் பெரிதாகப் பெரிதாகத் தொலைவிலுள்ளது அருகில் வரும். 1:1.8, 1:3.5-5.6 போன்றவை அபர்ச்சர் எண்கள். அதாவது லென்ஸின் கண் அதிகபட்சம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்பவை. இங்கே எண் சிறிதாகச் சிறிதாக ஒளி அதிகம் உள்ளே வரும். குறைந்த பணத்தில் வாங்குபவர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. கிட் லென்ஸ் எனப்படும் 18-55ஐ 55 மில்லிமீட்டருக்கு நீட்டினால் அதன் கண் எஃப்/5.6 (அதாவது 1:5.6) அளவுக்குத்தான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸோ ஏறத்தாழ அதே தொலைவில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மண்டபத்துக்குள் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் திரையை) 1/30 வினாடி திறந்துவைக்க முதல் லென்ஸ் கேட்கும் இடத்தில் இரண்டாவது லென்ஸ் 1/300 வினாடியில் வேலையை முடித்துவிடும். 1/30இல் காவடியாடுபவரின் முகம் குழம்பிப்போகும். 1/300இல் நெற்றியில் வழியும் வியர்வைத் துளி கூடத் தெளிவாக நிற்கும். இத்தனைக்கும் எஃப்/1.8 லென்ஸுகள் இரு நிறுவனங்களின் பட்டியலிலும் மிக மலிவானவற்றில் சேர்ந்தவை.

கேனான் எடுத்தால் 2015இல் வந்த 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், நிக்கான் எடுத்தால் 2009இல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி ஆகியவை என் முதற்பரிந்துரை. மலிவு விலைக் கேமராக்களின் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) முழுச்சட்டகத்தைவிட, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறியது என்பதால், லென்ஸின் பார்வை நிக்கானில் 1.5 மடங்கும் கேனானில் 1.6 மடங்கும் குறுகித் தெரியும். அப்படிப் பார்த்தால் கேனானின் 50, முழுச்சட்டகத்தில் 80 மில்லிமீட்டருக்கு நிகராகிவிடுகிறது: முகங்களுக்கு அருமையானது, ஆனால் நம் வீட்டு வரவேற்பறையில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பின்சுவர் இடிக்கும். நிக்கானின் 35, 52 மில்லிமீட்டருக்கு நிகராக நின்று இரண்டு வேலையையும் ஓரளவு செய்கிறது. வீட்டு விசேஷங்களை அதிகம் எடுக்கும் கேனான்காரர்கள் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸையும் பார்க்கலாம். வெறும் 125 கிராம்தான், சட்டைப்பைக்குள் அடங்கும்.

கல்யாணங்களை எடுத்து அதில் சிறிது சம்பாதிக்கவும் எண்ணுபவர்களுக்கு, டாம்ரான் அல்லது சிக்மா நிறுவனங்களின் 17-50 எஃப்/2.8 ஜூம் லென்ஸை இரண்டாம் கையில் தேடச் சொல்வேன். நீட்டினாலும் சுருக்கினாலும் எஃப்/2.8 மாறாது என்பதால், கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்கும் தொல்லை இல்லை. கனமானது, ஆனால் அந்தப் பங்கிட்ட ஐந்து பங்கும் இந்த ஒன்றுக்கே போனாலும் தகும்.

தொலைவு லென்ஸில்தான் ஏமாற்றம் அதிகம். நான் முதலில் வாங்கிய தொகுப்பில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன, இரண்டாவது 75-300. பெட்டியில் போட்டிருந்த 300 என்ற எண்ணைப் பார்த்தே வாங்கினேன். அந்த லென்ஸில் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இல்லை என்பதை விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஆண்டுக் காவடிப் படங்களில் மேகமூட்டத்துக்குப் பிறகு எடுத்தவை அத்தனையும் நடுங்கிப்போயின. கேனானில் ஐஎஸ் என்றும் நிக்கானில் விஆர் என்றும் லென்ஸின் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸ் லென்ஸ், விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வடிவங்களில் வந்திருக்கிறது; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் எடுத்தால், 300 வரை போகாவிட்டாலும் கிடைக்கும் படம் கூர்மையாக இருக்கும். கூடவே ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வசதி உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் குறைக்கும், எதிரே ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டரைத் தவிர வேறு மருந்தில்லை.

நான்காம் படி: லென்ஸும் பாடியும் பொருந்துமா என்று பாருங்கள்

லென்ஸை மாட்டும் நிக்கானின் எஃப் வகைப் பூட்டு 1959 முதல் இருந்துவருகிறது. ஆகவே பழைய லென்ஸ் எதுவும் மாட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். மாட்டிக்கொள்ளும் என்பது பெரும்பாலும் சரி, தானாகக் குவியம் வைக்குமா என்பதுதான் கேள்வி. டி3000 வரிசை, டி5000 வரிசைக் கேமராக்களின் பாடியில் குவிய மோட்டார் கிடையாது. அவற்றோடு, மோட்டார் தனக்குள்ளேயே உள்ள, ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸே வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் கையால் திருகிக்கொண்டேதான் இருக்க வேண்டும். மறுபக்கம், ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் குவியம் வைப்பதே இல்லை, கையால் கூட. விளம்பரத்தைப் பார்த்ததும் தொலைபேசியை எடுக்காமல், இரண்டு பெயர்களையும் எழுதி ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

கேனானில் இந்தத் தலைவலி குறைவு. 1987 முதல் வந்த இஎஃப் லென்ஸ்கள் எல்லாம் எல்லாக் கேனான் டிஎஸ்எல்ஆரிலும் தானாகக் குவியம் வைக்கும். 2003இல் தொடங்கிய, சிறு சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள் மட்டும் முழுச்சட்டகப் பாடிகளில் மாட்டாது. பின்னாளில் கண்ணாடியில்லாக் கேமராவுக்கு மாறினால் கேனானின் இணைப்பியோடு இஎஃப் லென்ஸ்கள் பழையபடியே வேலை செய்கின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் இணைப்பியில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி போன்ற, மோட்டார் உள்ள லென்ஸ்கள் மட்டுமே தானாகக் குவியம் வைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, நாளை மாறப்போவது உறுதி என்பவர் கேனானைச் சற்றுக் கூடுதலாக எடைபோடலாம். மற்றபடி இரண்டில் எது சிறந்தது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. உங்கள் உறவினரிடமோ நண்பரிடமோ எந்த நிறுவனத்து லென்ஸ் இருக்கிறது, காவடிக்கு இரவல் கிடைக்குமா என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

ஐந்தாம் படி: பாடி

மெகாபிக்சலைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பத்தாண்டுக்குள் வந்த எந்த டிஎஸ்எல்ஆரிலும் சுவரில் மாட்டும் அளவுக்கு அது உண்டு. பார்க்க வேண்டியவை கையில் பிடிக்கும்போது தெரியும் விஷயங்கள். 2018இல் வந்த நிக்கான் டி3500 சிறியது, இலேசானது, ஒருமுறை மின்னேற்றினால் ஆயிரத்தைந்நூறு படங்களுக்கு மேல் தாங்கும் என்று கணக்கிடப்பட்டது. முதன்முதலாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்லும் கேமரா அது. ஆனால் 2015இல் வந்த நிக்கான் டி7200, 2016இல் வந்த கேனான் 80டி ஆகியவற்றை இரண்டாம் கையில் வாங்க முடிந்தால், வயதைப் பார்க்காமல் அவற்றையே எடுங்கள். டி3500இல் 11 குவியப் புள்ளிகள் என்றால் டி7200இல் 51, 80டியில் 45. ஷட்டர் வேகத்துக்கும் அபர்ச்சருக்கும் தனித்தனிச் சக்கரங்கள் இருப்பதால், கண்ணை எடுக்காமலே இரண்டையும் மாற்றலாம். டி7200இல் குவிய மோட்டாரும் உள்ளது. முன்சொன்ன பழைய லென்ஸ்கள் அதில் உயிர்பெறும்.

மலிவிலும் மலிவான கேனான் 4000டியை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுத்தொடுமுனை இல்லாததால் பிற நிறுவனங்களின் சாதாரண ஃபிளாஷ்கள் அதில் எரியாது. 2000டியிலும் 250டியிலும் அந்த நடுத்தொடுமுனைக் குறை உண்டு. ஃபிளாஷ் போடப்போகும் கல்யாணக்காரர்கள் கவனிக்க.

பழைய முழுச்சட்டகக் கேமராக்கள் மலிவாகிவிட்டன என்று ஆசை காட்டுவார்கள். பாடி மலிவுதான், அதற்கேற்ற லென்ஸ்கள் விலையும் எடையும் கூடியவை. சிறு சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸை முழுச்சட்டக நிக்கான் டி610இல் மாட்டினால் 24 மெகாபிக்சல் சுமார் 10ஆகக் குறைந்துவிடும்.

ஆறாம் படி: இரண்டாம் கைப் பொருளைச் சோதித்தல்

விற்பவரைப் பகலில், வெளிச்சமான இடத்தில் சந்தியுங்கள். உங்கள் சொந்த மெமரி கார்டையும் ஒரு சிறு டார்ச்சையும் எடுத்துச் செல்லுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள், அரை மணி நேரம் கேளுங்கள்.

லென்ஸிலிருந்து தொடங்குங்கள். நம் தீவில் இரண்டாம் கை லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. கியூர்பீப், வாக்குவா போன்ற மேட்டுப்பகுதிகளில் சுவரே ஆண்டில் பல மாதங்கள் ஈரமாக இருக்கும்போது, அலமாரியில் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த லென்ஸ் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரு மூடிகளையும் கழற்றி, அபர்ச்சரை முழுவதும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நான்கைந்து தூசித் துகள்கள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோலவோ வேர்போலவோ மெல்லிய கிளைகள் ஓடியிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிப் பூச்சை அது அரித்திருக்கக்கூடும். பனிமூட்டம்போல் ஒரே சீராக வெளுத்திருந்தாலும் வேண்டாம். பிறகு குவிய வளையத்தையும் ஜூம் வளையத்தையும் மெல்லத் திருகுங்கள். மணல் அரைபடும் ஓசை கேட்டால் அந்த லென்ஸ் கடற்கரையில் நிறைய நாள் கழித்திருக்கிறது. பின்பக்கத்து உலோகத் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால் உப்புக் காற்று உள்ளேயும் போயிருக்கும்.

அடுத்துப் பாடி. லென்ஸை எஃப்/16க்குச் சுருக்கி, வெண்மேகத்தையோ வெள்ளைச் சுவரையோ குவியம் விலக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சென்சாரின் மேல் உள்ள தூசி, பெரும்பாலும் துடைத்துவிடலாம். ஆனால் நூல்போன்ற கோடு தென்பட்டால் கீறலாக இருக்கலாம். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில வினாடிகள் திறந்துவைத்து எடுத்தால், எரிந்துபோன பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாக மின்னும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை நிக்கான் படக்கோப்பிலேயே பதிந்துவைக்கிறது. இலவச மென்பொருள் ஒன்றில் அந்தப் படத்தைத் திறந்தால் தெரியும். டி7200இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும் 80டியினுடையது 1,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று பொருளில்லை. விலை பேசுவதற்கு அது ஒரு பிடி. கேனானின் பெரும்பாலான பாடிகளில் படக்கோப்பில் அந்த எண் இருக்காது. கேமராவைக் கணினியோடு இணைக்கும் தனி மென்பொருள் தேவைப்படும்.

கடைசியாக, நீங்கள் வாங்கவிருக்கும் லென்ஸை அந்தப் பாடியில் மாட்டி, அபர்ச்சரை முழுவதும் திறந்து, சாய்வாக வைத்த செய்தித்தாளின் ஒரு வரியில் குவியம் வைத்து எடுங்கள். குவியம் வைத்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி கூர்மையாக வந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. டி7200, 80டி இரண்டிலும் இதை மெனுவிலேயே திருத்தலாம். டி3500, டி5600 ஆகியவற்றில் திருத்த வழியில்லை என்பதால் வேறு லென்ஸ் தேடுங்கள்.

வெளியூரிலிருந்து வரவழைப்பது

ரெயூனியனுக்கோ இந்தியாவுக்கோ போய்வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவது நம் வழக்கம். மின்னழுத்தத்தில் பிரச்சினை இல்லை. கேமரா மின்னேற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஆனால் உத்தரவாதம் பல நேரங்களில் வாங்கிய நாட்டிலேயே செல்லுபடியாகும், அஞ்சலில் வரவழைத்தால் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகும் மிச்சம் இருந்தால் வாங்கலாம்.

ஏழாம் படி: வாங்கிய பொருளைக் காப்பாற்றுதல்

கேமராவைத் தோல் உறையிலும் துணிப்பையிலும் பூட்டி வைக்காதீர்கள். அவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடாது. ரப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரமானியையும் போடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை அடுப்பில் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்ப வையுங்கள். வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது பெட்டியைவிட நல்லது. கடற்கரையிலிருந்து திரும்பியதும், சிறிது ஈரமாக்கிய மெல்லிய துணியால் பாடியைத் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள்.

இவை எல்லாவற்றையும் காவடிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். நடுவிலுள்ள வெள்ளிக்கிழமைகளில், கோவில் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, மூலஸ்தானத்தைத் தவிர்த்து மண்டபத்தில் மட்டும் சில படங்கள் எடுத்துப் பழகுங்கள். சென்சாரின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓவை 1600, 3200, 6400 என்று உயர்த்தி, உங்கள் கேமராவில் எந்த இடத்தில் படம் சொரசொரப்பாகத் தொடங்குகிறது என்று கண்டுகொள்ளுங்கள். காவடியன்று அணியும் அந்த அடர்ந்த இளஞ்சிவப்பு உடை உச்சிவெயிலில் கேமராவின் சிவப்பு அளவை எல்லை மீறச் செய்து, துணியின் மடிப்புகளை எல்லாம் ஒரே வண்ணத் திட்டாக அழித்துவிடும். ஆகவே திரையில் மூன்று வண்ண ஹிஸ்டோகிராமை (ஒளியளவைக் காட்டும் வரைபடத்தை) திறந்துவைத்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் ஒளியளவை முக்கால் படி குறைத்து, ரா (கேமரா மாற்றாத மூல) கோப்பாக எடுங்கள். இருண்ட முகத்தைப் பின்னர் கணினியில் வெளிச்சமாக்கலாம், அழிந்துபோன மடிப்பை மீட்க முடியாது.